மறு: ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

26 அக்டோபர் 2008

அனைவருக்கும் வணக்கம். ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன், அதாவது பக்கம் மறுபடி மறுபடி ஏறாமல் உலாவிக்குள் நிறுவிய நிரல் போல ஓடும் இணையப் பயன்பாடு. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சில் வந்த இரண்டு யோசனைகளை மேற்கோளாகக் காட்டி என் பதிலைச் சொல்கிறேன்.

> "வளமிகு இணையப் பயன்பாட்டு உருவாக்கத் தளம்" என்றே வைத்துவிடலாமே. எதுவும் விடுபடாமல் வந்துவிடுகிறது.

எதுவும் விடுபடவில்லைதான் ஐயா. ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பயன்பாடே இறங்கி ஓட ஆரம்பித்துவிடும். நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது கட்டுரை இல்லை. இத்தகைய பயன்பாடுகளை உருவாக்க உதவும் அடோபியின் பிளெக்ஸ் 3-இன் மாதிரிகளில் இருக்கும் பொத்தான்கள், தலைப்புகள், பட்டிகள் (மெனு). தாவல் (டேப்) ஒன்றில் பத்துப் பதினைந்து எழுத்துக்கு மேல் இடம் கிடையாது.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "வளம்" தான் இடிக்கிறது. யூஆர்எல்லில் வரும் ரிசோர்ஸை நாம் ஏற்கெனவே வளம் என்கிறோம். மனிதவளம் என்றும் சொல்கிறோம். "வளச்செயலி" என்று எழுதிப் பக்கத்து இருக்கை நண்பரிடம் காட்டினேன். ஆள் எடுக்கிற மென்பொருளா என்று கேட்டார். "தளம்" அதைவிட மோசம். வெப்சைட் இணையதளம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இயங்குதளம், இப்போது இதுவும் தளம் என்றால் படிப்பவர் எந்தத் தளத்தில் நிற்பது? பிளாட்ஃபார்முக்கு "மேடை" போதும் என்பது என் கட்சி. நிரல் ஏறி ஆடுகிற இடம்தானே.

> ரிச் என்பதைச் "செழு" ஆக்கலாம். செழுநிரல். சந்திச் சிக்கலும் இல்லை.

சொல் அழகாக இருக்கிறது தம்பி. இரண்டு நாள் இதிலேயே நின்றேன். அப்புறம்தான் "ரிச்" எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கிளையன்ட்–சர்வர் காலத்தில் தின் கிளையன்ட், ஃபேட் கிளையன்ட் என்று இரண்டு வகை பேசுவார்கள். வேலையெல்லாம் வழங்கியிலேயே (சர்வர்) நடந்தால் வாங்கி (கிளையன்ட்) மெலிந்தது, வாங்கியே சுமந்தால் தடித்தது. தடித்தது என்று சொல்லக் கூச்சப்பட்டு ரிச் ஆக்கினார்கள் போலும். (நம் முறைப்படி "தடிவாங்கி" என்று பெயர்த்துப் பார்த்தேன், அடிவாங்கியது மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன்.) 2002இல் மேக்ரோமீடியா நிறுவனம், உலாவியில் அசைபடம் ஓடவைக்கும் பிளாஷ் எம்எக்ஸை வெளியிட்டபோது இந்த ரிச்சோடு இன்டர்நெட்டையும் சேர்த்துப் புதுப்பெயராக விற்றது. ஆக நாம் பெயர்க்கப் பார்ப்பது ஒரு நிறுவனத்தின் விளம்பர அடைமொழியை. கடைக்காரர் "ஸ்பெஷல்" என்று எழுதிவைத்ததைச் "சிறப்பு" என்று பெயர்த்தால் பண்டம் என்னவென்று தெரிந்துவிடுமா?

பண்டத்தைப் பார்ப்போம். பிளெக்ஸ் மாதிரிகளில் எல்லோரும் முதலில் காட்டுவது அந்தக் கைபேசிக் கடை. விலைக்கு ஒரு நகர்த்தி (ஸ்லைடர்), கேமரா வேண்டுமா என்று ஒரு கட்டம். நகர்த்தியை இழுக்க இழுக்கப் பொருந்தாத கைபேசிகள் மங்கி மறைகின்றன, மிச்சமிருப்பவை வழுக்கிக்கொண்டு வந்து காலி இடத்தில் உட்காருகின்றன. பிடித்ததைக் கூடைக்குள் இழுத்துப் போடலாம். இதையே பழைய முறையில் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் "சமர்ப்பி" அழுத்த வேண்டும், பக்கம் முழுக்க வெள்ளையாகி மறுபடி வரவேண்டும்.

போன வாரம் இதை என் அத்தைக்குக் காட்டினேன். அவருக்குக் கணினி என்றால் ரயில் டிக்கெட் மட்டும்தான். கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணே சிமிட்டலையேடா" என்றார்.

எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. இமையாப் பக்கம்.

அழியாப் புகழ் மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் ஒற்று மிகும். கண் இமைக்காததால்தான் தேவர்களுக்கு இமையவர் என்று பெயர். சுயம்வர மண்டபத்தில் தமயந்தி நளனை அடையாளம் கண்டதற்கு அவன் கண் இமைத்ததும் ஒரு காரணம். நமக்கு வேண்டிய வேறுபாடும் அதுவேதான்: இமைக்கிற பக்கம், இமைக்காத பக்கம்.

இதில் இன்னொரு வசதி, சொல் எந்த நிறுவனத்தோடும் ஒட்டிக்கொள்ளாது. இந்த மாதம் 14ஆம் தேதி மைக்ரோசாப்ட் சில்வர்லைட் 2 வந்தது, மறுநாளே அடோபியின் பிளாஷ் பிளேயர் 10. இவை போல உலாவியில் சேர்க்கும் சொருகி (பிளக்-இன்) எதுவும் இல்லாமல் வெறும் ஜாவாஸ்கிரிப்டிலேயே ஜிமெயில் 2004 முதல் இமைக்காமல்தான் ஓடுகிறது. அதற்கு 2005இல் ஏஜாக்ஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அத்தைக்கு மூன்றும் ஒன்றுதான். நாளை சொருகிகளே இல்லாமல் போனாலும் சொல் நிற்கும்.

சரி, எதிர்ப்பை நானே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 25 அன்று பிளெக்ஸ் 3-உடன் சேர்ந்து வந்த அடோபியின் ஏர், உலாவிக்கு வெளியே கணினி மேசையில் (டெஸ்க்டாப்) ஓடுகிறது. அங்கே பக்கமே இல்லை, எது இமைக்காமல் இருப்பது? என் பதில்: கணினியில் நிறுவி ஓடுவதற்கு எதற்குப் புதுப்பெயர், அது நிரல்தான். நிறுவிய நிரல் பொத்தானை அழுத்தியதும் வெள்ளையாகாது என்று யாரும் வியப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் தம்பியின் செழுநிரலை வைத்துக்கொள்ளலாம். "செயலி" மட்டும் வேண்டாம். நுண்செயலி (மைக்ரோபிராசசர்) படித்த பிள்ளைகள் சில்லைத் தேடுவார்கள்.

தமிழில் மாதிரி செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எழுத்துருவை உள்ளே பொதித்து வைத்தால் பழைய பிளேயரில் கொம்பும் உகரக் குறியும் எழுத்தோடு சேராமல் தனித்தனியாக நிற்கும். பிளேயர் 10-இல் வந்திருக்கும் புதிய உரைப்பொறி நம்முடையது போன்ற எழுத்துகளைச் சேர்த்துக் காட்டுவதற்கானது. ஆனால் பிளெக்ஸ் 3-இன் பொத்தான்கள் இன்னும் பழைய பொறியையே கூப்பிடுகின்றன. "கொள்முதல்" என்று எழுதிய பொத்தான் எனக்கு எப்படி வந்தது என்று இங்கே தட்டச்சிட்டுக் காட்டக்கூட முடியாது. அதனால் இப்போதைக்குக் கூடைப் பொத்தானில் "வாங்க" என்று போட்டிருக்கிறேன். கொம்பும் உகரமும் இல்லாத சொல்.

ஸ்லைடருக்கு "நகர்த்தி" சரியா, "வழுக்கி" சரியா என்றும் சொல்லுங்கள். அத்தை அதைக் "குமிழ்" என்றார். வரும் ஞாயிறுக்குள் யாரும் மறுக்காவிட்டால் தாவலில் "இமையாப் பக்கங்கள்" என்றே ஏற்றிவிடுவேன்.