புது டீசல் பக்கி 7.5 தான் கொடுக்கிறது, உதவி தேவை

காலைச்சந்தை | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். சந்தைச் சுமை ஏற்ற இந்தச் சிறு வண்டியை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. 7.5 தான் கொடுக்கிறது. ஷோரூமில் சொன்னது வேறு. மாதத் தவணை கட்டுவதா, டீசல் போடுவதா என்று தெரியாமல் விழிக்கிறேன். ரன்னிங் இன், அதாவது புது இன்ஜின் பழகும் காலம், முடிந்தால் சரியாகிவிடுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.

என்3_லாரி | இரவு 9.52

எந்த வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? நான்கு சக்கர இயக்கமா? சுமை எவ்வளவு? எந்தப் பாதை? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

டீசல்_வாத்தியார் | இரவு 10.05

தம்பி, நூறு கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் என்றால் அது மிக நல்ல அளவு. இரண்டு டன் எடையுள்ள வண்டி அதைவிடக் குறைவாகக் குடிப்பது அரிது. ரன்னிங் இன் பற்றி நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் அவற்றைப் படிக்கும் பழக்கம் வேண்டும். 10,000 கிலோமீட்டர் ஓடட்டும், பிறகு பேசலாம்.

காலைச்சந்தை | இரவு 10.20

மன்னிக்கவும் ஐயா. லிட்டருக்கு 7.5 கிலோமீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். ஷோரூமில் பன்னிரண்டுக்கு மேல் கொடுக்கும் என்றார்கள். ஒற்றை கேபின், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், பின்னால் சுமைப்பெட்டிக்கு மேல் கானபி (மூடுகூண்டு) போட்டிருக்கிறேன். 2,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனிப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. தூங்கப் போகிறேன்.

மரிட்ஸ்பர்க்_மலை | இரவு 10.41

ஏற்றம்தான் காரணம். டர்பனிலிருந்து இங்கே மரிட்ஸ்பர்க்குக்கு வரும்போது என் வண்டி குடிப்பதையும், கீழே இறங்கும்போது குடிப்பதையும் ஒப்பிட்டால் நம்பவே மாட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் ஏற வேண்டும் அல்லவா?

கணக்கர் | இரவு 11.15

மலை அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமையோடு 2,200 கிலோ உள்ள வண்டியை 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற சுமார் 13 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்தாலும், ஏற்றத்துக்கு மட்டும் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இறங்கும்போது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் டீசலே எடுப்பதில்லை, கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இவருடைய பாதையில் மரிட்ஸ்பர்க் ஏற்றம் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 7.5 என்பதை எப்படி அளந்தார்? திரையில் வரும் எண்ணா, தொட்டியை நிரப்பி அளந்ததா?

பழைய_ஸ்பேனர் | புதன், காலை 6.10

வாத்தியார் 10,000 வரை பொறுக்கச் சொல்கிறார். பொறுப்பது மட்டும் போதாது. எப்படி ஓட்டுகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புது சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைத்திருப்பார்கள். கையால் தடவினால் மெல்லிய உப்புத்தாள் மாதிரி இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அந்தக் கோடுகளின் முனையைத் தேய்த்துத் தன் இடத்தைப் பிடிக்க வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். பூப்போல ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. கோடுகள் மேல் எண்ணெய் வெந்து பளிங்குபோல் ஆகிவிடும். பிறகு ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். இன்ஜின் சூடான பிறகு மூன்றாவது, நான்காவது கியரில் ஏற்றத்தில் கொஞ்சம் வேலை கொடுங்கள், பிறகு காலை எடுங்கள். நின்ற இடத்தில் ஓடவிடாதீர்கள்.

டீசல்_வாத்தியார் | காலை 7.30

ஸ்பேனர் ஐயா சொல்வது நாற்பது வருடத்துக்கு முந்தைய இன்ஜினுக்குப் பொருந்தும். அப்போது வண்டியின் பின்னால் "ரன்னிங் இன், முந்திச் செல்லவும்" என்று அட்டை மாட்டி ஓட்டினார்கள். இன்று தொழிற்சாலையிலேயே இழைப்பு மிக நுட்பமாக வந்துவிட்டது. கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தால் போதும்: முதல் 1,000 கிலோமீட்டர் வாக்கில் முழு வேகம் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் வேண்டாம், டிரெய்லர் இழுக்க வேண்டாம்.

பழைய_ஸ்பேனர் | காலை 7.48

ஒரே வேகத்தில் நெடுநேரம் வேண்டாம் என்று கையேடு ஏன் சொல்கிறது? நான் சொன்ன அதே காரணத்துக்காகத்தான். இன்ஜின் புதிதானாலும் ரிங் செய்யும் வேலை மாறவில்லை. நான் பிரித்துப் பார்த்த இன்ஜின்களை வைத்துப் பேசுகிறேன் ஐயா.

டொங்காட்_கரும்பு | காலை 8.02

ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். எது அதிகச் சூடு?

சுத்த_டீசல் | காலை 8.30

50 பிபிஎம் டீசல் போடுகிறாரா, 10 பிபிஎம் போடுகிறாரா என்று யாருமே கேட்கவில்லையே! நான் 10க்கு மாறியதிலிருந்து வண்டி பறக்கிறது.

கணக்கர் | காலை 9.05

அந்த எண் கந்தகத்தின் அளவு. ஒரு கிலோ டீசலில் 50 மில்லிகிராமா, 10 மில்லிகிராமா என்பதுதான் வேறுபாடு. புகைவடிகட்டி உள்ள வண்டிக்கு அது முக்கியம். கந்தகம் குறைந்ததால் மட்டும் மைலேஜ் அதிகமாகிவிடாது. பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது: நம் தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் சில்லறை விலையைத்தான் அரசு நிர்ணயிக்கிறது, டீசலுக்கு அப்படி இல்லை. பங்க்குக்குப் பங்க் விலை மாறும். கேட்டுப் போடுங்கள்.

மதுரையிலிருந்து | காலை 9.40

நான் டர்பனுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வண்டியை ஏன் எல்லோரும் பக்கி என்கிறீர்கள்? எங்கள் ஊரில் அது திட்டும் சொல். பிக்கப் என்றே எழுதலாமே.

சாட்ஸ்வர்த்_அக்கா | காலை 10.15

தம்பி, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாக் என்றால் தொட்டி, பெட்டி. அதன் சிறிய வடிவம்தான் இது. இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்லும் சொல். என் அப்பா கீரைக்கட்டு ஏற்றிய வண்டியும் பக்கிதான், எங்கள் கோயில் காவடிக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றும் வண்டியும் பக்கிதான். நாலைந்து தலைமுறையாக நாங்கள் இங்கே பேசிப் புழங்கிய சொல்லை ஊர்ப்பக்கத்து அர்த்தத்தை வைத்து ஒதுக்கச் சொல்லாதீர்கள்.

மதுரையிலிருந்து | காலை 10.22

ஒதுக்கச் சொல்லவில்லை அக்கா, தெரியாமல்தான் கேட்டேன். தமிழில் எழுதும்போது பொதுச்சொல் இருந்தால் எல்லோருக்கும் புரியுமே என்ற எண்ணம்தான்.

சாட்ஸ்வர்த்_அக்கா | காலை 10.50

இங்கே எழுதுவது இங்குள்ளவர்களுக்குப் புரிந்தால் போதும். எங்கள் பிள்ளைகள் தமிழில் நான்கு வரி எழுதுவதே பெரிய காரியம். அதில் சொல்லுக்குச் சொல் திருத்தினால் எழுதுவதையே விட்டுவிடுவார்கள்.

என்3_லாரி | பிற்பகல் 1.10

நாம் பேசிக்கொண்டே போகிறோம், கேட்டவரைக் காணவில்லை.

காலைச்சந்தை | பிற்பகல் 2.35

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எல்லோருக்கும் நன்றி. பாதை: சாட்ஸ்வர்த்திலிருந்து கிளேர்வுட் காய்கறிச் சந்தை, அங்கிருந்து வெருலம், டொங்காட் கடைகள், பிறகு வீடு. நாளுக்குச் சுமார் 110 கிலோமீட்டர். மரிட்ஸ்பர்க் பக்கம் போவதே இல்லை. போகும்போது 600 கிலோ, திரும்பும்போது காலி. வேகம் 100ஐத் தாண்டுவதில்லை. சந்தை வாசலில் வரிசையில் ஐம்பது நிமிடம் நிற்பேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். திரையை மட்டும் நம்பவில்லை. இன்று நிரப்பினேன்: 412 கிலோமீட்டருக்கு 54.6 லிட்டர்.

கணக்கர் | பிற்பகல் 3.00

412ஐ 54.6ஆல் வகுத்தால் 7.55. நன்றாக அளந்திருக்கிறீர்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில், அதே குழாயில், முதல் தடவை "டக்" என்று நின்றதும் நிறுத்துங்கள். டீசல் நுரைக்கும். அதற்கு மேல் திணித்தால் இரண்டு மூன்று லிட்டர் முன்பின் ஆகிவிடும்.

இப்போது ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். 110 கிலோமீட்டருக்கு நீங்கள் எரிப்பது சுமார் 14.6 லிட்டர். விளம்பரத்தில் உள்ள எண் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் ஓட்டி அளந்தது, அதை மறந்துவிடுங்கள். உங்கள் சுமைக்கும் நகர ஓட்டத்துக்கும் லிட்டருக்குப் பத்து வந்தால் நியாயம், அதற்கு 11 லிட்டர் போதும். மீதி மூன்றரை லிட்டர் எங்கே போகிறது? வரிசையில் நிற்பதற்கு ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளலாம். புது இன்ஜினின் இறுக்கத்துக்கு அரை லிட்டர் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இரண்டு லிட்டர் காணவில்லை.

டீசல்_வாத்தியார் | பிற்பகல் 3.25

புது இன்ஜினின் இறுக்கத்தை அரை லிட்டர் என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? பொறுமை வேண்டும்.

என்3_லாரி | மாலை 4.40

டயர் மாற்றினீர்களா? 265/65க்குப் பதில் 265/70 போட்டால் சுற்றளவு 3.4 சதவீதம் கூடும், மீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டும். காற்றும் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் காலிக்கும் சுமைக்கும் தனித்தனி அளவு ஒட்டியிருக்கும்.

டொங்காட்_கரும்பு | மாலை 5.15

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், தயவுசெய்து பாருங்கள். போன வருடம் எங்கள் தோட்டத்துப் பக்கியில் இதே கதை. இரண்டு மாதம் டீசல், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று அலைந்தோம். ஒரு நாள் மழைத் தூறலில் வண்டி நின்றபோது ஒரு பின்சக்கரத்தில் மட்டும் ஆவி வந்தது. அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள், உராய்ந்து வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ விலகாமல் ஒட்டியே ஓடியிருக்கிறது.

சமதளமான, ஆளில்லாத சாலையில் 40 வேகத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக் தொடாமல் பாருங்கள். நெடுந்தூரம் உருண்டு போக வேண்டும். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் நின்றால் பிரேக்தான். சக்கரத்தைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனாலே தெரியும்.

பழைய_ஸ்பேனர் | மாலை 5.40

இது நல்ல யோசனை. நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது ஷோரூமில் ஹேண்ட் பிரேக்கில் ஏதாவது வேலை செய்தார்களா?

டீசல்_வாத்தியார் | இரவு 8.10

புது வண்டியில் பிரேக் ஒட்டுவது மிக அரிது. இதற்காக வண்டியைப் பிரிக்கப் போய் வாரண்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மரிட்ஸ்பர்க்_மலை | வெள்ளி, இரவு 7.30

என்ன ஆயிற்று தம்பி?

காலைச்சந்தை | அடுத்த புதன், பிற்பகல் 3.10

இடது பின்சக்கரம். கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. வலது பக்கம் வெதுவெதுப்புதான். வண்டி எடுத்த அன்று, என் வீட்டுச் சரிவில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லை என்று திரும்பிப் போனேன். பத்தே நிமிடத்தில் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். அதை இங்கே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை கொண்டுபோய்த் தளர்த்தினேன். சந்தை வரிசையிலும் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். நேற்று நிரப்பியது: 438 கிலோமீட்டர், 46.5 லிட்டர். டொங்காட் அண்ணனுக்குக் கோடி நன்றி.

கணக்கர் | பிற்பகல் 3.32

லிட்டருக்கு 9.4. மிகவும் மகிழ்ச்சி!

டொங்காட்_கரும்பு | மாலை 6.20

நல்லது தம்பி. தளர்த்தியதோடு விட்டுவிட்டார்களா, டிரம்மைக் கழற்றிப் பார்த்தார்களா? 2,000 கிலோமீட்டருக்கு மேல் சூட்டில் ஓடியிருக்கிறது. ஷூவின் மேல் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. பேரிங் கிரீஸும் உருகி வெளியே வந்திருக்கலாம். 600 கிலோவோடு இறக்கத்தில் வருகிறவர் நீங்கள். வாரண்டி இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

மரிட்ஸ்பர்க்_மலை | இரவு 8.45

நானும் இன்று புறங்கை வைத்துப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் பின்சக்கரத்தைவிட அதிகச் சூடு. என் வண்டியிலும் ஒட்டுகிறதா?

டொங்காட்_கரும்பு | இரவு 9.05

இல்லை அண்ணா. பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன்சக்கரம்தான் செய்கிறது, அதுவும் நீங்கள் இறக்கத்தில் வந்திருப்பீர்கள். முன்னையும் பின்னையும் ஒப்பிடாதீர்கள். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்.