கண்வலிச் செடி தன் விஷத்தில் தானே ஏன் சாகவில்லை?

மூலனூர்க்காரன் கேட்டது:

எங்கள் தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கண்வலிக் கிழங்கு. செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநிலப் பூ. கிளுவைக் குச்சியில் இலை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும். ஐப்பசியில் விடிந்ததும் அம்மாவும் நானும் வரிசை வரிசையாகப் போய் மகரந்தம் தடவிவிடுவோம். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டுத் தள்ளி நிற்பதால் நாம் கைவைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். விதைக்குத்தான் விலை, அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற விஷ மருந்துக்காக.

போன வருஷம் கழித்துப் போட்ட கிழங்குத் துண்டுகளை எங்கள் வெள்ளாடு ஒன்று தின்றுவிட்டு மறுநாள் செத்துப்போனது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். கோல்ச்சிசின் செல் பிரிவதை நிறுத்தும் என்று பாடத்தில் படித்தேன். கல்லூரியில் எங்கள் விதையை ஊறவைத்த தண்ணீரில் பல்லாரி வெங்காயத்தை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வேர் நுனியெல்லாம் உருண்டு தடித்துவிட்டது, வளரவே இல்லை. அப்படியென்றால் அதே விஷத்தைக் கிழங்கிலும் விதையிலும் வைத்திருக்கும் செடி எப்படி ஆள் உயரம் வளர்கிறது?

வேர்நுனி பதில்:

தம்பி, நீங்கள் பார்த்த அந்தத் தடிப்பை 1938-லேயே ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் வைத்து விவரித்திருக்கிறார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பவை நுண்குழாய்கள். அவை டியூபுலின் என்ற புரதம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உண்டாகின்றன. கோல்ச்சிசின் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுக்கு ஏறாது. குரோமோசோம்கள் இரட்டித்த பிறகும் பிரிய வழியில்லாமல் ஒரே செல்லுக்குள் நின்றுவிடும். டியூபுலினைக் கண்டுபிடித்ததே இந்த மருந்தை வைத்துத்தான். 1967-ல் போரிசியும் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று துரத்திப் பிடித்தார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுவாகவே தாவர டியூபுலின் நம் டியூபுலினைப்போல இதை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செடிகளில் குரோமோசோமை இரட்டிப்பாக்க 0.1 சதவீதக் கரைசல் எடுப்பது வழக்கம். லிட்டருக்கு 1 கிராம். மூலக்கூறு எடை 399, ஆக சுமார் 2.5 மில்லிமோல். விலங்குச் செல்லுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆடு செத்ததற்கும் செடி நிற்பதற்கும் இடையில் முதலில் இந்தப் பெரிய இடைவெளி இருக்கிறது.

அப்புறம், அதே லெவான் 1940-ல் கோல்ச்சிகம் செடியையும் சோதித்தார். இந்த மருந்துக்குப் பெயர் கொடுத்த ஐரோப்பியச் செடி அது, உங்கள் கண்வலியின் குடும்பம்தான். வெங்காயத்தை முடக்கிய மருந்து அதை அசைக்கவில்லை. தாவரங்களுக்குப் பொதுவாக உள்ள தாங்குதிறனுக்கு மேல், இந்த மருந்தைச் செய்யும் செடிக்கென்றே தனியாக ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்த மனிதரே 1956-ல் ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து, கோல்ச்சிசினால் நிறுத்திவைத்த செல்களில் எண்ணி, மனிதக் குரோமோசோம் 48 இல்லை, 46 என்று சொன்னார். உங்கள் வெங்காயத்தில் நடந்ததேதான் அங்கேயும் நடந்தது.

சுண்டக்காய்ச்சி பதில்:

எனக்கு இந்த மூலக்கூறின் உருவத்தின் மேல்தான் ஆசை. மூன்று வளையம். ஒன்று ஆறு கார்பன், மற்ற இரண்டும் ஏழு. அதில் ஒரு ஏழு வளையம் டிரோபோலோன் வகை என்று டிவார் 1945-ல்தான் சொன்னார். செடி ஆறு வளையத்தை எப்படி ஏழாக விரிக்கிறது என்பது வெகுநாள் புதிர். 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்லியின் குழு அதற்கான நொதியைக் கண்டுபிடித்தது. எடுத்துக்கொண்ட செடி கண்வலியேதான். எட்டு மரபணுக்களை அடையாளம் கண்டு, மொத்தம் 16 நொதிகளைப் புகையிலை இனச் செடி ஒன்றில் ஏற்றி, ஃபினைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோ அமிலங்களிலிருந்து கோல்ச்சிசினுக்குச் சற்று முந்தைய பொருள் வரை செய்துகாட்டினார்கள். அந்தப் பொருளிலேயே டிரோபோலோன் வளையம் வந்துவிடுகிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாழ் வேலி பதில்:

எங்கள் பக்கம் இதைக் கார்த்திகைப் பூ என்போம், மழைக்கு வேலியில் தானாக ஏறும். என் ஐயாவுக்குக் கவுட் வாதத்துக்கு டொக்டர் தரும் கோல்ச்சிசின் குளிசை அரை மில்லிகிராம்தான். ஒரு கிராம் விதையிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். கைமருந்து என்று நினைத்து யாரும் கிழங்கில் கைவைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

மூலனூர்க்காரன் பதில்:

வேர்நுனி அண்ணா, லெவான் செய்ததை நானே செய்து பார்க்கலாம் போலிருக்கிறது. ஆடியில் கிழங்கு ஊன்றும்போது வேர்விட்ட கிழங்கு நாலைந்து எடுத்துவைக்கிறேன். ஒரே கரைசலில் ஒரு பக்கம் பல்லாரி, ஒரு பக்கம் கண்வலி வேர். சரியாக வருமா?

வேர்நுனி பதில்:

வரும். வெறும் தண்ணீரில் இரண்டும் ஒரு தட்டு தனியாக வையுங்கள், ஒப்பிட வேண்டும். விதை ஊறிய தண்ணீரில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று கணக்கு இருக்காது. அதனால் கல்லூரியில் உள்ள சுத்தமான கோல்ச்சிசினை எடுத்து 0.01, 0.1 சதவீதம் என்று அளவு மாற்றிப் போடுங்கள். கையுறை கட்டாயம். மிச்சத்தை ஆடு மாடு போகும் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். வேர் நுனியை அசிட்டோகார்மின் என்ற சாயத்தில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் படத்தை இங்கே போடுங்கள். குரோமோசோம் எண்ண நானும் உட்காருகிறேன்.