விவாதமின்றி நிறைவேறும் தீர்மானங்கள்

மாமன்றக் கூட்டங்களைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தால் அவை சூடுபிடிக்கும். நிலப் பயன்பாட்டை மாற்றும் தீர்மானம் வந்தால் ஓசையின்றிக் கடந்து போகும். ஆனால், நகரத்தின் வரிப்பணம் வருங்காலத்தில் எங்கே போய்ச் சேரும் என்பதை அந்த இரண்டாவது வகைத் தீர்மானம்தான் முடிவு செய்கிறது. எனக்கு இதைப் புரியவைத்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒரு கூட்டத்தில் பேருந்து நிழற்குடைகள் பற்றிய பொருள் வந்தது. எந்த வார்டுக்கு எத்தனை, கூரை தகடா கான்கிரீட்டா, விளம்பர உரிமை யாருக்கு என்று மதியம் வரை பேசினார்கள். பேசட்டும், வெயிலில் நிற்பவர்களுக்கு நிழல் வேண்டும்தான். அதற்கடுத்த பொருள், ஓடையை ஒட்டிய தாழ்வான நிலத்தைத் திறந்தவெளிப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றுவது. தலைப்பைப் படித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று மேயர் கேட்டார். யாரும் எழவில்லை. நிறைவேறிவிட்டது.

கூட்டப் பொருளின் நகல் என் கையில் இருந்தது. ‘நிதிச் செலவினம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று ஒரே சொல். இணைப்பு வரைபடத்தில் பச்சையாக இருந்த துண்டு மஞ்சளாகியிருந்தது. ஓடையின் நீலக்கோடு அந்த மஞ்சளைத் தொட்டுக்கொண்டு போனது.

பக்கத்தில் ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “ஐயா, செலவே இல்லையென்று எப்படி எழுத முடியும்?” என்று கேட்டேன். என் கையிலிருந்த நகலை வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினார்: அணுகுசாலை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பள்ளி. கடைசியாக, கழிவுநீர் உந்து நிலையம். தாழ்வான நிலத்திலிருந்து கழிவுநீர் தானாக மேலேறாதே! “தம்பி, இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆண்டில், வேறு வேறு கோப்பில் வரும். அப்போது வேண்டாமென்று சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே மக்கள் குடியேறியிருப்பார்கள்” என்றார். நிலத்தின் விலை ஏறிய ஆதாயம் உரிமையாளருக்கு, வடிகால் கட்டும் செலவு நகரம் முழுவதற்கும் என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். ஹாங்காங்கில் அரசு, ரயில் நிறுவனத்துக்கு அதன் ரயில் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டுமான உரிமையைத் தருகிறது. ரயில் வருவதால் ஏறும் நில மதிப்பின் ஒரு பகுதி அந்த ரயில் பாதைக்கே முதலீடாகிறது. இப்படியும் செய்ய முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிரேசிலின் குரிச்சிபா நகரைப் பற்றியும் ஆர்வத்தோடு சொன்னார். அங்கே 1974-இல் தனித்தடப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உயரமான கட்டடங்களை அந்தத் தடங்களை ஒட்டியே அனுமதித்தார்கள். அதனால் பேருந்துக்குப் போட்ட முதலீட்டுக்குப் பயணிகள் கிடைத்தார்கள். வெள்ளம் புகும் ஆற்றோர நிலங்களைப் பூங்காக்களாக்கினார்கள். 1972-இல் திறந்த பாரிகுயி பூங்கா அப்படிப்பட்டதுதான். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கினால் நனைவது புல்வெளி, யாருடைய வீடும் அல்ல. நிலத்தையும் முதலீட்டையும் ஒரே மேசையில் வைத்து முடிவெடுத்தவர்கள் அவர்கள். எங்கள் மன்றத்தில் இரண்டும் தனித்தனிக் கோப்புகளாகவே வருகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

அதே ஓடைக்கரையில் இன்னொரு துண்டு நிலத்துக்கும் பின்னர் விண்ணப்பம் வந்தது. இம்முறை அறிவிப்பு வெளியானதுமே தெருக்காரர்கள் கூடி எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தோம். கருத்துக்கேட்பில் ஓர் அம்மாள், வாசற்படிவரை தண்ணீர் நின்ற புகைப்படத்தை உறுப்பினர்கள் முன்னால் வைத்தார். நெகிழ்ச்சியாகப் பேசியவர்கள் பலர். ஆனால் உறுப்பினர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த அம்மாள் கேட்ட கேள்விதான்: “இந்த இடத்துக்கு வடிகால் எந்த ஆண்டு பட்ஜெட்டில் வரும்? எவ்வளவு ஆகும்? யார் கொடுப்பார்கள்?” பொறியாளரிடம் பதில் இல்லை. அதுவரை வாய் திறக்காத ஓர் உறுப்பினர் எழுந்து, பத்தாண்டுக்கான கட்டுமான, பராமரிப்புச் செலவு மதிப்பீடு இல்லாமல் இந்தப் பொருளை எடுக்கக் கூடாது என்றார். கோப்பு திருப்பி அனுப்பப்பட்டது.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டப் பொருளின் நகலைக் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று இருந்தால், செலவு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘இல்லை’ என்றிருந்தால் அதையே ஆட்சேபத்தின் முதல் வரியாக்குங்கள். எங்கள் கோப்பில் மதிப்பீடு இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் அதன் விவரத்தை இங்கே எழுதுகிறேன்.