பழைய எம்எம்540 ஜீப்பில் ஹைபிரிட்: பிடிஓ வாய் வழியாக மோட்டார் (மன்ற உறுப்பினர்கள் சிலரின் அனுபவப் பகிர்வு)

மலைப்பாதை

மஹிந்திராவின் பழைய ஜீப்புகளான எம்எம்540, சிஜே3பி இரண்டிலும், டீசல் எஞ்சினோடு சேர்ந்து இழுக்கும் மின் மோட்டாரை எந்த இடத்தில் கோப்பது என்று முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பின் அச்சுக்குத் தனி மோட்டார், முன் அச்சுக்கு மட்டும் டீசல் என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு லோ (மெதுவான, இழுவை கூடிய கியர்) போட்டால் மொத்த இழுவையும் முன் அச்சின் யூ-ஜாயின்ட் (மடங்கும் இணைப்பு) தலையில் விழும். ஸ்டியரிங்கை முழுசா ஒடித்திருக்கும்போது முதலில் தெறிப்பது அதுதான்.

டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்பக்க வட்டத் தட்டைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டின் முனையும் நட்டும் தெரியும். வின்ச், மரம் அறுக்கும் ரம்பம் ஓட்ட, பழைய வில்லிஸ் ஜீப் காலத்திலேயே விட்டுவைத்த பிடிஓ வாய் (வெளிக்கருவிக்கு விசை எடுக்கும் இடம்) அது. மோட்டாரை அங்கே கோத்தால் லோ கியருக்கு முன்னால் உட்கார்கிறது, அதனால் 2.46 மடங்குப் பெருக்கம் மோட்டாருக்கும் கிடைக்கும்.

கணக்கு: 48 வோல்ட் ஃபோர்க்லிஃப்ட் வகை ஏசி இண்டக்ஷன் மோட்டார், உச்சம் 60 நியூட்டன் மீட்டர். இடையில் 1.5-க்கு 1 செயின். பிடிஓ முனையில் 90 கிடைக்கும். லோவில் 5.38 அச்சு விகிதம் என்றால் சக்கரத்தில் சுமார் 1,190. 1,600 கிலோ வண்டி ஆறுக்கு ஒன்று ஏற்றத்தில் டீசல் இல்லாமலே நகர்ந்து ஏற இது போதும். எல்லா வண்டியிலும் 5.38 இருக்காது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மோட்டாரை டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே தொங்கவிடாதீர்கள். கியர்பாக்ஸ் ரப்பர் மவுன்டில் ஆடும், 30 கிலோவை அதன் வாலில் கட்டினால் கேஸ் காது விரிசல் விடும். சேஸிஸில் தனி குறுக்குச் சட்டம் போட்டு, நடுவில் இரு முனையிலும் யூ-ஜாயின்ட் உள்ள குட்டி ஷாஃப்ட் வையுங்கள். ஹேண்ட்பிரேக் டிரம் பின் அவுட்புட்டில் இருக்கும் வண்டியில் செயின் உறை அதில் உரசாமல் பார்க்க வேண்டும்.

ஸ்பானர்_14_15

இந்த இடத்தில் நிரந்தரக் காந்த மோட்டார் வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும்போதெல்லாம் மோட்டாரும் சுற்றும். கன்ட்ரோலர் அணைந்திருந்தாலும் காந்தம் மின்னழுத்தம் கிளப்பும், வேகம் ஏறினால் கன்ட்ரோலருக்குள் போய் அடிக்கும். இண்டக்ஷனில் கரண்ட் கொடுக்காவிட்டால் அது வெறும் சக்கரம்.

சுற்று எல்லையும் உண்டு. 6.00-16 டயரில் 80 கிமீ என்றால் மோட்டார் 4,900 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். லோவில் அதே சுற்று 32 கிமீயிலேயே வந்துவிடும். லோவை மறந்துபோய் இறக்கத்தில் விட்டால் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும்.

எல்லாரும் மறப்பது ரிவர்ஸ். ரிவர்ஸ் கியர் போட்டதும் மெயின் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுற்றும். கன்ட்ரோலருக்கு அது தெரியாவிட்டால் முன்பக்கம் தள்ளும், டீசல் பின்பக்கம் இழுக்கும், நடுவில் கிளட்ச் கருகும். கியர் லிவரில் ஒரு ஸ்விட்ச் வைத்து அதை கன்ட்ரோலரின் ரிவர்ஸ் முனைக்குக் கொண்டுபோங்கள். கிளட்ச் பெடலிலும் ஒன்று வேண்டும்.

மெயின்_ஷாஃப்ட்

எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, மோட்டாரில் மட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். போகும், ஆனால் கியர்பாக்ஸ் தாங்காது. கியர்பாக்ஸில் எண்ணெயை மேலே வாரி அடிப்பது லேஷாஃப்ட் (எஞ்சின் சுற்றும் கீழ்த் தண்டு). எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மெயின் ஷாஃப்ட் மட்டும் காய்ந்த புஷ்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஜீப்பைக் கட்டி இழுக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மோட்டார் மட்டும் ஓட்டம் என்பதைப் பாறையில் ஊர்வதற்கும் தோட்டத்துக்குள் நகர்வதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் வேக்கம் (வெற்றிட) பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகில் இருக்கும். எஞ்சின் நின்றால் வேக்கம் இல்லை, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். 12 வோல்ட் வேக்கம் பம்ப், வேக்கம் ஸ்விட்ச், சின்ன டாங்க் மூன்றையும் போட்ட பிறகுதான் எஞ்சினை அணைக்கும் பேச்சே.

16_செல்

பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), 16 செல் தொடர், 150 ஆம்பியர் மணி: 51.2 வோல்ட், 7.68 யூனிட். முழு சார்ஜில் 58.4 வோல்ட், அதாவது 60-க்குக் கீழே. அதைத் தாண்டினால் உயர் மின்னழுத்த விதிகள் எல்லாம் வரும். 24 செல் போட ஆசை வரும், பழைய ஜீப்புக்குத் தேவையில்லை.

10 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 200 ஆம்பியர். 50 சதுர மில்லி கேபிள், கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் 300 ஆம்பியர். ஆடியோ கடை ஃபியூஸ் போடாதீர்கள், எல்எஃப்பி ஷார்ட்டில் அது ஆர்க்கை அணைக்காமல் எரியும். கான்டாக்டருக்கு (பேட்டரியை இணைக்கும் கனமான ஸ்விட்ச்) குறுக்கே, கன்ட்ரோலர் கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்ப 47 ஓம், 50 வாட் பிரீசார்ஜ் ரெசிஸ்டர். நான்கு விநாடி விட்டுத்தான் கான்டாக்டர் சேர வேண்டும். இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்டில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சாவியைத் திருப்பினாலும் சப்ளை நிற்காது. பேட்டரி நெகட்டிவை பாடியோடு சேர்க்க வேண்டாம்.

சேஸிஸ் முறுக்கும். பேட்டரிப் பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கினால் அந்த முறுக்கு பெட்டிக்குப் போய் வெல்டிங் வாய்விடும். மூன்று புள்ளியில் ரப்பர் வைத்து உட்கார வையுங்கள். செல்களுக்கு நடுவே தட்டையான பஸ்பார் (இணைப்புப் பட்டை) வேண்டாம், பின்னல் பஸ்பார்தான்.

மலைப்பாதை

ரீஜென் (மோட்டாரே பிரேக்காகி பேட்டரியை சார்ஜ் செய்வது) பற்றி: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 1,900 மீட்டர் இறக்கம். 1,600 கிலோவுக்கு அது 8.3 யூனிட். டயர் உராய்வும் இழப்புகளும் போக மூன்று, மூன்றரை யூனிட் தேறலாம். மேலே முழு சார்ஜ் போட்டுக் கிளம்பினால் அதற்கு இடமே இருக்காது, பிஎம்எஸ் (பேட்டரி காவல் சுற்று) திடீரென்று ரீஜெனை வெட்டும், கால் பழகிய பிடி பாதி வளைவில் காணாமல் போகும். பாதி பேட்டரியோடு இறங்குங்கள், கியர் பிடியை நம்பியே இறங்குங்கள். உறைபனிக் காலையில் செல் சூடு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ரீஜெனே கூடாது, லித்தியம் படிந்து செல் போய்விடும்.

2எச்-ல் (பின் சக்கர ஓட்டம்) ரீஜென் பின் சக்கரத்தில் மட்டும் பிடிக்கும். ஈரச் செம்மண்ணில் வண்டியின் வால் விலகும். அதற்காகத் தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கர ஓட்டம்) போடவும் முடியாது, நடு டிஃபரன்ஷியல் கிடையாது. அதிகபட்ச ரீஜெனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆர்சி_புக்

அண்ணே, ஆர்டிஓ பக்கம் யாரும் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி முன் அனுமதி வேண்டும். ஹைபிரிட் கிட்டுக்கு ஏஐஎஸ்-123 (வாகனத் தொழில்துறைத் தரம்) ஒப்புதல் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவர்தான் பொருத்த வேண்டும். மேலே உள்ளது போலப் பட்டறையில் தானாகக் கோத்தது தோட்டத்துக்குள் ஓட்டத்தான். பொது ரோட்டில் ஏறினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

ஸ்பானர்_14_15

தண்ணீர் கடப்பவர்களுக்கு: சூடான கன்ட்ரோலர் பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இறுக்கி மூடுவது தீர்வல்ல. அச்சு பிரீதர் (காற்றுப்போக்கி) மாதிரியே ஒரு குழாய் எடுத்து டேஷ்போர்டு உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.