சென்னை - சிங்கப்பூர் டிக்கெட்டைப் பாயின்ட்டில் எடுக்க எந்த கார்டு நல்லது?

வணக்கம் நண்பர்களே. அடுத்த வருடம் அப்பா அம்மாவைச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆசை. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். டிக்கெட்டின் பெரும்பகுதியையாவது கிரெடிட் கார்டு பாயின்ட்டில் முடிக்கப் பார்க்கிறேன்.

வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய் போல ஆகிறது. பில்லை முழுசாகக் கட்டிவிடுவேன். பாக்கி வைத்தால் வட்டியே பாயின்ட்டை விழுங்கிவிடும். ஆனால் இப்போதுள்ள கார்டில் பெட்ரோலுக்கும் வாடகைக்கும் பாயின்ட்டே கிடையாது, மளிகைக்கு மாத உச்சவரம்பு வேறு. போன மாத ஸ்டேட்மென்ட்டில் பாதிச் செலவுக்கு எதுவும் ஏறவில்லை.

பாயின்ட்டை கிரிஸ்ஃபிளையர் மைல்ஸாக (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் எடுக்க உதவும் அதன் சொந்தப் புள்ளிகள்) மாற்ற இப்போது எந்த கார்டு நல்ல விகிதம் தருகிறது? அந்த மைல்ஸ் 3 வருடத்தில் காலாவதியாகிவிடும், மாற்றியபின் திரும்ப பாயின்ட்டாக்கவும் முடியாது. அதனால் சீட் இருப்பதைப் பார்த்த பிறகு மாற்றலாம் என்று நினைக்கிறேன். மைல்ஸ் வந்து சேர்வதற்குள் சீட் போய்விடுமா?

அப்புறம், காய்கறிக் கடையில் எல்லாம் யூபிஐதான். ரூபே கிரெடிட் கார்டை அதில் இணைத்துப் பயன்படுத்துபவர்கள், சின்னக் கடைச் செலவுக்கும் பாயின்ட் வருகிறதா என்று சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய்வரை பரவாயில்லை.

ஏஜென்ட்டுகள் வேண்டாம். சொந்தமாக இப்படிப் போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.