தேயிலை மலைக்குப் போற அக்காமாருக்குப் பொங்கலுக்குக் கையால என்ன தைச்சுக் கொடுக்கலாம்?

டிக்கோயா மழை:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவோட சேர்ந்து கொழுந்து எடுக்கிற அக்காமார் ஏழெட்டுப் பேருக்குத் தைப்பொங்கலுக்கு ஏதாவது என் கையால தைச்சுக் கொடுக்கணும்னு ஆசை. அம்மா ஆஸ்பத்திரியில இருந்த நேரம் எங்க லயத்துக் காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறை) அடுப்பு அணையாம பார்த்துக்கிட்டது அவங்கதான். கடையில வாங்கிக் கொடுக்கிற அளவுக்குக் கையில சல்லி இல்ல.

வீட்டுல இருக்கிறது ஒரு பழைய கைமெஷின், நேர்த்தையல் மட்டும்தான் விழும். ஸ்கூல் யூனிஃபோர்ம் தைச்சு மிஞ்சின வெள்ளைத் துண்டுகள், அம்மாவோட பழைய பூப்போட்ட சீத்தைத்துணிப் பாவாடைகள், ஓரம் கிழிஞ்ச கம்பளி ரெண்டு கிடக்கு. ஜிப் வைக்கத் தெரியாது. தேடிப் பார்த்தா துணிப்பூவும் சுவர்ல தொங்கவிடுற சாமானும்தான் வருது. லயத்துக் காம்பராவுல அதை எங்க மாட்டுறது? அவங்க பாவிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

பண்டாரவளை தையல்காரி:

தங்கச்சி, துணியை வெட்டுறதுக்கு முந்தி ஒரு நாள் காலையில பிரட்டுக்களத்துக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம்) போற வழியில நின்னு அவங்க பைக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. தேத்தண்ணிப் போத்தல், ரொட்டி, வெத்தலை. அந்த மூணுல ஒண்ணுக்குத் தைச்சுக் கொடுத்தா அது தினமும் மலைக்குப் போகும். அலமாரியில வைக்கிற சாமானைத் தைக்கவே வேண்டாம்னு நான் யார் கேட்டாலும் சொல்லுவேன்.

உங்ககிட்ட கம்பளி இருக்கு. அதனால போத்தல் உறைதான் என்னோட முடிவு. விடியக்காலையில ஊத்தின தேத்தண்ணி பத்து மணிக்குள்ள பச்சைத்தண்ணியா ஆறிடும், அதுவும் தை மாசக் குளிர்ல. கம்பளியோட இழைக்குள்ள காத்து அடைபட்டுக் கிடக்கும், அந்தக் காத்துதான் சூட்டை வெளியே விடாம பிடிச்சு வைக்கும். பிளாஸ்க் அளவுக்கு நிக்காது. வெறும் போத்தலோட பார்த்தா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

அளவு இப்படி. போத்தலைச் சுத்தி நாடா பிடிச்சு வர்ற சுற்றளவோட 4 அங்குலம் கூட்டி, அதுல பாதி எடுத்து, தையலுக்கு 1 அங்குலம் சேர்த்தா அகலம். போத்தல் உயரத்தோட 6 அங்குலம் சேர்த்தா நீளம். 10 அங்குலச் சுற்றளவும் 10 அங்குல உயரமும் உள்ள போத்தலுக்கு 8க்கு 16 வரும். வெளித்துணிக்குச் சீத்தையில அந்த அளவுக்கு ரெண்டு துண்டு வெட்டுங்க. உள்துணி ரெண்டுக்கும் அதே அகலம், உயரம் மட்டும் 2 அங்குலம் குறைவு. கம்பளியை 7க்கு 12 வெட்டி, அடி மூலையைத் தைக்கும்போது மாட்டாம இருக்க அதோட கீழ் மூலை ரெண்டுலயும் 2 அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துட்டு, கீழேயும் பக்கத்துலயும் அரை அங்குலம் விட்டு உள்துணியோட பின்பக்கத்துல வச்சு, ஓரமா கையால நூல் ஓட்டிப் பிடிங்க. தையல் போற இடத்துல கம்பளி வரக்கூடாது. வந்தா அந்தத் தடிப்புல கைமெஷின் திணறும், ஊசியும் உடையும். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமா வச்சுக்குங்க.

வெளித்துணி ரெண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வச்சு, பக்கமும் அடியும் அரை அங்குலம் விட்டுத் தைங்க. ரெண்டு பக்கத்துலயும் மேல் ஓரத்துல இருந்து 2 அங்குலம் தைச்சு, அடுத்த முக்கால் அங்குலத்தைத் தைக்காம விட்டு, அப்புறம் கீழே வரைக்கும் தைங்க. கயிறு வெளியே வர்றது அந்த ஓட்டை வழியாத்தான், அதனால ஓட்டைக்கு மேலேயும் கீழேயும் ரெண்டு தடவை தைச்சு இறுக்குங்க. அடி மூலையை விரிச்சு, பக்கத்தையல் அடித்தையல் மேல படுக்கிற மாதிரி வச்சா ஒரு முக்கோணம் வரும். நுனியில இருந்து 1¾ அங்குலம் தள்ளிக் குறுக்கே தைங்க. அந்தத் தையல் 3½ அங்குலம் நீளம் வரும், போத்தல் உட்கார்ற அடி அதுதான். நுனியை வெட்டி எறிஞ்சிடலாம். உள்துணியையும் இதே மாதிரிப் பையாக்குங்க, அதுக்கு ஓட்டை வேண்டாம்.

பிறகு வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே வர்ற மாதிரித் திருப்பி, உள்பையைத் திருப்பாம அதுக்குள்ள இறக்குங்க. வெளித்துணியோட மேல் ஓரத்தை முதல்ல அரை அங்குலம், அப்புறம் 1¼ அங்குலம் உள்ளே மடிச்சா உள்துணி ஓரம் மடிப்புக்கு அடியில மறைஞ்சிடும். மடிப்போட கீழ் விளிம்பை ஒட்டிச் சுத்தித் தைச்சா கயிறு ஓடுற நாடாக்குழாயும் ரெடி. கண்ணுக்கு ஒரு பிசிறும் தெரியாது. ரெடிமேட் பையை விட நம்ம வேலை நல்லா தெரியுறது அங்கதான், அந்த இடத்துல அவசரப்படாதீங்க.

எட்டுப் பேருக்கு எட்டு விதமாத் தைக்கப் போகாதீங்க தங்கச்சி. ஒரு கடதாசி வெட்டி வச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல வெட்டுங்க. எல்லாப் பைக்கும் முதல்ல பக்கம், அப்புறம் எல்லாத்துக்கும் அடின்னு தைச்சா கை பழகிடும். துணியோட பூவை மட்டும் ஆளுக்கு ஆள் மாத்துங்க. மத்தியானம் போத்தலெல்லாம் ஒரே இடத்துல கிடக்கும்போது யாரோடது எதுன்னு தெரியணும் இல்லையா.

ராகலை அண்ணன்:

பண்டாரவளைத் தங்கச்சி சொன்னதோட இன்னொண்ணு. அட்டைக்கடி. மழைக்காலத்துல எங்க வீட்டுப் பொம்பளைங்க சவர்க்காரமும் உப்பும் தடவிக்கிட்டுத்தான் போவாங்க, ஒரு மழை பெய்ஞ்சா எல்லாம் கழுவிப் போயிடும். காட்டுக்குப் போறவங்க போடுற அட்டைக் காலுறையை வீட்டுலயே தைக்கலாம். நெருக்கமா நெய்த காடாத்துணி வேணும், ஐதான துணிக்குள்ள அட்டை நுழைஞ்சிடும். காலைக் கடதாசியில வச்சு வரைஞ்சு, முழங்கால் வரைக்கும் தாராளமா வெட்டி, தையலை ரெண்டு வரிசையாப் போட்டு, மேலே நாடா கோர்த்தாப் போதும். குதிக்கால்ல இறுக்கமா வெட்டிட்டா போடவே முடியாது. பூட்ஸ் போடுறவங்களுக்குத்தான் இது சரி. செருப்போட போறவங்களுக்கு அடித்துணி சீக்கிரம் தேய்ஞ்சு போகும்.

ஹட்டன் முன்பள்ளி டீச்சர்:

சீத்தை மிஞ்சினா அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு துணிப்பொம்மை. கண்ணுக்கு பட்டன் தைக்காதீங்க, நூலாலேயே கண்ணு போடுங்க. மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை எதையும் வாயில வைக்கும், பட்டன் கழண்டா தொண்டையில அடைச்சிடும். உள்ளே அடைக்கத் துணிக்கழிவே போதும், பொடிப் பொடியா வெட்டினா கட்டி கட்டியா நிக்காது.

டிக்கோயா மழை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நாளைக்கே ஒண்ணு வெட்டிப் பார்க்கிறேன். ரெண்டு சந்தேகம். அந்த வெள்ளைத் துண்டுகளை உள்துணிக்கு வைக்கலாமா? அழுக்குத் தெரியுமேன்னு பயமா இருக்கு. கயிறுக்கு என்ன பாவிக்கிறது?

பண்டாரவளை தையல்காரி:

வைக்கலாம் தங்கச்சி, அழுக்குத் தெரியாம இருக்க சாயத்தண்ணியில, அதான் பால் விடாத தேத்தண்ணியில, முக்கிடுங்க. ஆனா அதுக்கு முந்தி துணி கொட்டனா பொலியெஸ்டரான்னு பார்க்கணும். ஓரத்துல நாலு இழை உருவி, இடுக்கியால பிடிச்சு நெருப்புக் காட்டுங்க. கொட்டன்னா கடதாசி எரியுற வாசம் வந்து சாம்பல் விரல்ல மாவாப் போகும். பொலியெஸ்டர்னா உருகிச் சுருண்டு கறுப்பா மணி மாதிரிக் கட்டியாகும். யூனிஃபோர்ம் துணியில பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் வரும். கலப்புத் துணியில நிறம் லேசாத்தான் பிடிக்கும், சுத்தக் கொட்டன் நல்லா இழுக்கும். உள்துணிக்கு எதுவானாலும் பரவாயில்ல. பொலியெஸ்டரில அடுப்புச்சட்டி தூக்கிற பிடிதுணி மட்டும் ஒருநாளும் தைச்சுக் கொடுக்காதீங்க, சூட்டுல உருகிக் கையோட ஒட்டிக்கும்.

சாயத்தண்ணிக்கு வீட்டுல இருக்கிற டஸ்ட் தேயிலைத் தூளே போதும். கறுப்பாகிற வரைக்கும் கொதிக்கவிட்டு, வடிகட்டி, துணியைப் பச்சைத்தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சுட்டு அதுக்குள்ள போடுங்க. நனைக்காமப் போட்டா திட்டுத் திட்டா நிக்கும். அடிக்கடி புரட்டிக்கிட்டே ஒரு மணி நேரம் வச்சா மண் நிறம் வரும். காய்ஞ்சதும் கொஞ்சம் வெளிறும், அதனால தேவைப்படுற நிறத்தை விட ஒரு படி கூடவே விடுங்க. இரும்பு வாளியில முக்க வேண்டாம். தேயிலையில இருக்கிற துவர்ப்பு இரும்போட சேர்ந்தா துணி சாம்பல் கறுப்பாயிடும். அந்த நிறம் பிடிச்சா வேணும்னே ரெண்டு துருப்பிடிச்ச ஆணியைப் போடலாம், ஆனா துணி கொஞ்சம் நைஞ்சுபோகும், அதனால உறைக்குச் சரிவராது. முதல் ரெண்டு தடவை தனியாத் துவைக்கச் சொல்லிக் கொடுங்க.

கயிறுக்கு நைலோன் வேண்டாம், வழுக்கி வழுக்கி முடிச்சு அவிழும். சீத்தையை 1½ அங்குல அகலத்துல நீளமாக் கிழிச்சு, ரெண்டு ஓரமும் நடுவுக்கு மடிச்சு, மறுபடி ரெண்டா மடிச்சுத் தைங்க. ஒரு பைக்கு 24 அங்குலத்துல ரெண்டு. ஊக்குல குத்தி ஒண்ணை இடது ஓட்டையில விட்டு முழுசாச் சுத்தி அதே ஓட்டையில எடுங்க, மத்ததை வலது ஓட்டையில அதே மாதிரி. ரெண்டு பக்கமும் இழுத்தா வாய் இறுகி நிக்கும். மிஞ்சின நாடாவுல ஒரு துண்டை நாடாக்குழாய்க்குக் கீழே காது மாதிரி வச்சுத் தைச்சா தேயிலைக் கிளையிலயே மாட்டிடலாம், போத்தல் ஈரத்தரையில கிடக்காது. காதை வெளித்துணியோட பக்கத்தையலுக்குள்ள முதல்லயே சொருகிடுங்க. பை முடிஞ்ச பிறகு தைக்கப் போனா கம்பளியையும் சேர்த்துக் குத்தணும்.