‘பிரிங் இட் ஆன்’ படத்தைப் பிள்ளைகளோடு பார்த்த அனுபவம்: பகிர்ந்துகொள்ளுங்கள்

எடிசன் அம்மா:

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை எங்காவது எழுதி வைத்தால்தான் மனம் ஆறும் போலிருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது. இந்த ஆண்டுதான் சியர் வகுப்பில், அதாவது விளையாட்டுக் குழுக்களை உற்சாகப்படுத்தக் கூட்டாக ஆடிப்பாடும் சியர்லீடிங் வகுப்பில், சேர்ந்திருக்கிறாள். 2000ஆம் ஆண்டில் வந்த படம், பள்ளிக்கூடக் கதை, நகைச்சுவை, அதிலும் சியர்லீடிங் பற்றியது என்பதைத் தவிர வேறெதையும் விசாரிக்காமல், அவளுடைய தோழியர் இருவரையும் உட்கார வைத்துப் படத்தைப் போட்டுவிட்டேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரும் மடியில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு சோபாவில் அமர்ந்திருந்தார்.

தொடக்கக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து தங்கள் அழகைப் பற்றித் தாங்களே பாடிக்கொள்வார்கள். அதன் முடிவில் கதாநாயகி, பள்ளி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் உடம்பில் மேலாடை இல்லை என்று கண்டு அலறியபடி கனவிலிருந்து விழிப்பாள். திரையில் எதையும் காட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது எனக்கு முன்கூட்டியே தெரியாது. நான் ரிமோட்டைத் தேடிப் பாய்ந்தேன், அது முறுக்குத் தட்டுக்கு அடியில் இருந்தது, தட்டும் கவிழ்ந்தது. “கனவுதானேம்மா, எதற்கு இந்தப் பதற்றம்?” என்று கேட்டுவிட்டு மாமியார் கீழே சிதறிய முறுக்கைப் பொறுக்கத் தொடங்கினார்.

என்னை இன்றுவரை உறுத்துவது அந்தக் காட்சி அன்று. அதன் பிறகு படம் முடியும்வரை, சிரிக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மூன்று பிள்ளைகளும் முதலில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்கள்.

சான் டியேகோ அப்பா:

கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஊரிலேயே வசிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதல் இரண்டு நிமிடத்தை வைத்து ஒரு படத்தை எடைபோடுவது சரியில்லை, சகோதரி. இந்தப் படத்தில் பிள்ளைகளோடு பேச வேண்டிய விஷயம் கனவுக் காட்சியில் இல்லை, காசோலைக் காட்சியில்தான் இருக்கிறது.

ராஞ்சோ கார்னி பள்ளியின் டோரோஸ் குழு தேசியப் பட்டங்களை வெல்லக் காரணமான ஆட்டங்கள் அனைத்தும், கிழக்கு காம்ப்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் குளோவர்ஸ் குழுவிடமிருந்து முன்னாள் தலைவி திருடிக்கொண்டு வந்தவை. புதிய தலைவி டாரன்ஸுக்கு அது தெரிய வருகிறது. போட்டிக்குப் போகப் பணமில்லாத குளோவர்ஸ் குழுவுக்குத் தன் தந்தையின் நிறுவனத்திலிருந்து ஒரு காசோலையை வாங்கி எடுத்துக்கொண்டு போகிறாள். அவர்களுடைய தலைவி ஐசிஸ் அதை அவள் கண்முன்னே கிழித்துவிடுகிறாள்.

பன்னிரண்டு வயதான என் மகன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, “பணம் இல்லாமல்தானே தவிக்கிறார்கள், பிறகு ஏன் கிழிக்கிறாள்?” என்று கேட்டான். பிறர் உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் பிறகு தர்மம் செய்ய வந்தால் கோபம் வரத்தானே செய்யும் என்று நீளமாக விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அக்காவுக்கு நாம் என்ன கொடுத்தோம்?” என்றான். முந்தைய வாரம் அறிவியல் கண்காட்சிக்கு, என் மகளின் பழைய அட்டையில் தலைப்பை மட்டும் மாற்றி அவனிடம் கொடுத்தவன் நான்தான். இதற்கு மேல் அந்தப் படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

டாலஸ் வாசி:

ஏற்றதில்லை. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவினர் சியர் குழுவில் இருக்கும் பையன்களை ஒரு வசைச் சொல்லால் கேலி செய்வார்கள். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களை இழிவுபடுத்தும் சொல் அது. எட்டு வயதான என் இளைய மகன், அதன் பொருள் தெரியாமல், திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பையனிடம் அதைச் சொல்லிவிட்டான். பேருந்தைவிட்டு இறங்கும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் இறங்கினான். பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு அதற்கு முன்பே வந்திருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் பேத்தி படம் தொடங்கிய கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டதால், என் அனுபவம் சிறியது. இருப்பினும் இங்கே எழுதியிருக்கும் பெற்றோர் அனைவரும் ஓர் அடிப்படை விஷயத்தைக் கவனிக்கத் தவறியிருப்பதாகத் தோன்றுவதால் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட தரம் பிஜி-13. இந்தப் பிரிவு 1984இல்தான் உருவாயிற்று. அந்தக் கோடையில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் படத்திலும் ‘கிரெம்லின்ஸ்’ படத்திலும் இருந்த கொடூரத்தைக் கண்டு பெற்றோர் கொதித்ததால், பெற்றோர் வழிகாட்டலைக் கோரும் பிஜிக்கும், பெரியவர் துணையில்லாமல் பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காத ஆர் தரத்துக்கும் நடுவில் இப்படியொரு படி தேவைப்பட்டது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்று அது தடை போடுவதில்லை. சில பகுதிகள் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், பெற்றோரே கவனித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிப்பதோடு சரி. எண்ணுக்குப் பக்கத்தில் அந்தத் தரத்துக்கான காரணத்தையும் ஒரு வரியில் அச்சிடுகிறார்கள். இந்தப் படத்துக்குப் பாலியல் தொடர்பான விஷயங்களும் மொழியும் காரணமாகச் சொல்லப்பட்டுள்ளன. எண்ணைப் பார்ப்பவர்கள் பலர், அந்த வரியைப் படிப்பவர்கள் சிலர். இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்ற பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதை, ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

ஆகவே பெற்றோர் முதலில் தனியாக ஒரு முறை முழுப் படத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நிதி திரட்டுவதற்காகப் பெண்கள் நீச்சலுடையில் கார் கழுவும் காட்சி எப்போது வருகிறது என்று தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிடலாம். ரிமோட்டை எப்போதும் நம் கையிலேயே வைத்திருக்க வேண்டும். தட்டுக்கு அடியில் வைக்கவே கூடாது.

ஃப்ளையரின் அம்மா:

ஐயா, தண்ணீர் கொண்டுவர அனுப்பினால் பிள்ளை திரும்பி வந்து, “நான் போன பிறகு என்ன நடந்தது?” என்றுதான் முதலில் கேட்கும். தாங்கள் சொன்ன அந்தப் பதின்மூன்று வயது என் மகளுக்கு நிறைந்துவிட்டது. தரம் பார்த்து, காரண வரியையும் படித்து, தனியாக ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எனக்கு உறுத்தாத இடம் அவளுக்கு உறுத்தியது.

அவள் நான்கு ஆண்டுகளாக ஃப்ளையர். அதாவது, ‘பேஸ்’ என்று சொல்லப்படும் கீழே நிற்பவர்கள் தூக்கிப் பிடிக்க, மேலே ஒற்றைக் காலில் நிற்பவள். படத்தில் அப்படித் தூக்கிப் பிடிக்கும் பையன் ஒருவனின் விரல் பாவாடைக்குள் போகக் கூடாத இடத்துக்குப் போகும்; படம் அதை ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். நான் தனியாகப் பார்த்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், இலேசாகச் சிரித்திருந்தேன். மகள் சிரிக்கவில்லை. காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பாதத்தைத் தன் கையால் பிடித்துக் காட்டி, “எங்கள் பேஸ் இங்கேதான் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடித்தால்தான் நான் பயப்படாமல் மேலே போவேன். இவன் செய்ததை யாராவது செய்தால் அன்றே குழுவைவிட்டு அனுப்பிவிடுவார்கள். இதில் எல்லாரும் ஏன் சும்மா இருக்கிறார்கள்?” என்று கேட்டாள். கனவுக் காட்சியும் கார் கழுவலும் அவளுக்கு வெறும் அசட்டுத்தனம். இந்த மூன்று வினாடிகள் மட்டும் அப்படியில்லை.

சான் டியேகோ நண்பர் சொன்ன காசோலைக் காட்சி நல்ல காட்சி என்பதை நான் மறுக்கவில்லை. கதாநாயகியும் அவளுடைய தோழியின் சகோதரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பல் தேய்த்து, வெட்கப்பட்டுக்கொண்டே துப்பும் காட்சியை இன்னொரு முறை வேண்டுமானாலும் குடும்பத்தோடு பார்ப்பேன். முத்தமே இல்லாமல் இவ்வளவு இனிமையாக யார் எடுக்கிறார்கள்? ஆனால் ஒரு நல்ல காட்சியைக் காட்டி இன்னொரு கெட்ட காட்சியைக் கணக்குத் தீர்க்க முடியாது, அண்ணா.

பெயர் வேண்டாம்:

முதல் படத்துக்கே இவ்வளவு விவாதம் என்றால், நான் போட்டது அதே வரிசையில் 2022இல் வந்த ‘சியர் ஆர் டை’. பெயரைச் சரியாகப் படிக்காமல், புதியது என்பதால் போட்டேன். அதில் சியர் பெண்களை முகமூடி அணிந்த ஒருவன் கொலை செய்துகொண்டே போகிறான். இரு பிள்ளைகளும் நான்கு இரவுகள் எங்கள் கட்டிலில்தான் படுத்தார்கள்.

எடிசன் அம்மா:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவிடம் நான் அறிவுரை கேட்கவில்லை என்பதையும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஃப்ளையரின் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, அந்த விரல் காட்சி எங்கள் வீட்டிலும் ஓடியிருக்க வேண்டுமே என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் அப்போது என் முகத்தைப் பார்த்திருப்பார்கள், என் முகத்தில் என்ன தெரிந்தது என்பது எனக்கு நினைவில் இல்லை. நாளை மகளை வகுப்பில் விடும்போது, அவளை யார் தூக்குகிறார்கள் என்பதை நின்று பார்த்துவிட்டு வரப் போகிறேன்.

மாமியார் பாதிப் படத்தில் தூங்கப் போய்விட்டதால், கடைசியில் யார் வென்றார்கள் என்று இன்று காலை காபி குடிக்கும்போது கேட்டார். புளோரிடாவில் டேடோனா பீச்சில் நடந்த போட்டியில் காம்ப்டன் பெண்களுக்கு முதலிடம், கதாநாயகியின் குழுவுக்கு இரண்டாம் இடம் என்றேன். “திருடினவர்களுக்கும் பரிசா?” என்றார். கடைசியில் அவர்கள் புதிதாக, சொந்தமாகத்தான் ஆடினார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.